மனு முதல் பாஸ்புக் வரை: தமிழ்நாட்டில் அரசு உதவி பெற மற்றவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஏறக்குறைய எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், தொழிற்சங்கத்துக்காரராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ தொண்டு நிறுவனக் களப்பணியாளராகவோ இருக்கலாம். "அவங்ககிட்ட போங்க, மனு எழுதிக் குடுப்பாங்க" என்று ஊரே கைகாட்டும். அந்த வேலையைச் செய்பவர்களுக்கும் செய்ய நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மனு எழுதுவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. தகுதியுள்ள பலருக்கு உதவி கிடைக்காமல் போவதற்குக் காரணம், ஒரு காகிதத்தில் இனிஷியல் மாறியிருப்பது, விசாரணைக்கு ஆள் வந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்தது, ஃபைல் ஒரு மேசையில் நின்றுவிட்டது, பணம் வேறொரு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது என்பது போன்ற சங்கதிகள்தான். இதில் எதையும் மனுவின் நடை அழகு சரிசெய்யாது. அதனால் இந்த வழிகாட்டி மனுவைப் பற்றிக் கொஞ்சமும், அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றி நிறையவும் பேசும்.

முதல் சந்திப்பு: கேட்பது

வருபவர் ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருவார். "முதியோர் பணம் வாங்கிக் குடுங்கம்மா" என்பார். பக்கத்து வீட்டில் யாரோ அதை வாங்குகிறார்கள், அந்தப் பெயர்தான் தெரியும். அவருக்கு வயது 52 ஆக இருக்கலாம். "அதுக்கு 60 ஆகணுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அத்தோடு அவர் வரமாட்டார். கணவர் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு அவர் பல வருடங்களாகவே தகுதியானவர் என்பது தெரிந்திருக்கும். அதற்கு 18 வயது நிறைந்தாலே போதும்.

ஆகவே திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குடும்பத்தைக் கேளுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிடுவது எத்தனை பேர்? ரேஷன் கார்டில் இருப்பது எத்தனை பேர்? இந்த இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் அங்கேயே ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா? கர்ப்பிணி உண்டா? அண்மையில் யாராவது இறந்தார்களா, இறந்தவர்தான் சம்பாதித்துப் போட்டவரா? யாராவது கட்டட வேலைக்குப் போகிறார்களா? மருந்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? எங்காவது வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா? கடைசி இரண்டு கேள்விகளுக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஆனால் எதை முதலில் முடிக்க வேண்டும் என்பதை அவைதான் சொல்லும்.

தனியாக உட்கார வைத்துக் கேட்பது நல்லது. மகன் பக்கத்தில் நிற்கும்போது "மகன் சோறு போடுகிறாரா?" என்று ஒரு தாயிடம் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும். கணவர் விட்டுவிட்டுப் போனவர்களிடம் இன்னும் நிதானம் வேண்டும். "வெளியூர்ல வேலையா இருக்காரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் போய் எத்தனை வருடம், கடைசியாக எப்போது பணம் அனுப்பினார் என்று மெல்லக் கேட்டால் விஷயம் வரும். ஐந்து வருடம் கடந்திருந்து, பெண்ணுக்கு 30 வயதும் ஆகியிருந்தால் கணவரால் கைவிடப்பட்டோருக்கான ஓய்வூதியம் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அப்புறம் அந்தப் பை. எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் கவரிலோ துணிப்பையிலோ எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்து உங்கள் முன்னால் கொட்டுவார்கள். பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். காலாவதியான அடையாள அட்டை, மூடிய கணக்கின் பாஸ்புக், என்றோ கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். பழைய ஒப்புகைச் சீட்டு கிடைத்தால் அதுதான் புதையல். ஏற்கெனவே விண்ணப்பித்து என்ன காரணத்தால் நின்றது என்பதை அந்த எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். பார்த்து முடித்ததும் அசல் எல்லாவற்றையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாள் இரவுகூட உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வாசலைத் தட்டுவது

துறைகள் பல. ஆனால் நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோரின் தேவை சில இடங்களுக்குள் அடங்கிவிடும்.

முதியோர், விதவை, கைவிடப்பட்ட பெண்கள், 50 வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான மாத ஓய்வூதியம் வருவாய்த் துறையின் கீழ் வருகிறது. தாலுகா அலுவலகத்தில் இதற்கென்றே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருப்பார். மாதம் 1,000 ரூபாயாக இருந்த முதியோர், விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டின் தொடக்கத்திலேயே 1,500 ஆனது. தொகை அவ்வப்போது மாறும். மனு போடும் நேரத்தில் என்ன நடப்பு என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. வருவாய்த் துறை ஓய்வூதியம், இந்தத் தொகை இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பதால் எது பொருந்தும் என்பதைத் தொடக்கத்திலேயே பாருங்கள். எதற்குப் போனாலும் முதலில் வேண்டியது மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஊனம் மட்டும் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய. ரத்தசோகை வகை நோயான தலசீமியாவும் பார்க்கின்சன் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

சம்பாதித்துப் போட்டவர் 18 வயதுக்கு மேல் 60க்குள் இறந்திருந்தால், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய் உண்டு. துக்க வீட்டில் இதை யாரும் நினைக்கமாட்டார்கள். நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மருத்துவத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இதற்கான பதிவு மையம் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அட்டைக்கு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் எவ்வளவு சீக்கிரம் பதிகிறார்களோ அவ்வளவு நல்லது. கட்டட வேலை, தையல், ஆட்டோ, வீட்டு வேலை போன்றவற்றுக்குத் தொழிலாளர் நல வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர் பதிவு உயிரோடு இருந்தால்தான் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து உதவி எல்லாம் வரும். பதிவைப் புதுப்பிக்க மறந்து இழந்தவர்களே அதிகம்.

காகிதங்கள் ஒத்துப்போகின்றனவா

என்னைக் கேட்டால் இந்த வேலையின் மையமே இதுதான். ஒரு பெண்ணுக்கு ஆதாரில் "லட்சுமி". ரேஷன் கார்டில் கணவர் இனிஷியலோடு "மு. லெட்சுமி". கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிய பாஸ்புக்கில் அப்பா இனிஷியலோடு "ரா. லக்ஷ்மி". வாக்காளர் அட்டையில் "முத்துலட்சுமி". ஊருக்கு எல்லாமே ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு பேர். இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்தால் இன்னும் பெருகும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். வரிசை முக்கியம். முதலில் ஆதார், அதன்பின் ரேஷன் கார்டு, பிறகு வங்கி. மற்ற இரண்டும் ஆதாரைப் பார்த்துத்தான் திருத்துகின்றன. ஆனால் ஆதாரில் கை வைக்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அவசரத்தில் தவறான எழுத்துக்கூட்டலோடு திருத்திவிட்டால் வாய்ப்பு வீணாகும். திருத்தச் சீட்டு அச்சாகி வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல், தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

வயது இன்னொரு தொல்லை. முதியவர்கள் பலருடைய ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றுதான் இருக்கும். பதிவு செய்த அன்று "எத்தனை வயசு?" என்று கேட்டு, அவர் சொன்னதை வைத்துப் போட்ட ஆண்டு அது. பேரன் பேத்தி எடுத்தவருக்கு 54 என்று இருக்கும். மூத்த மகனின் வயதையும் அம்மாவின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். பள்ளிச் சான்று இருந்தால் நல்லது, இல்லாதவர்கள்தான் அதிகம். என்ன வயதுச் சான்றை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு, இரண்டுக்கும் பொருந்தும் காகிதத்தைத் தேடுங்கள். ஒரு காகிதத்தில் 58, இன்னொன்றில் 63 என்று இருக்கும் நிலையில் மனுவைப் போட்டுவிட்டால் அதைத் திருப்பி இழுப்பது கடினம்.

கணவரின் இறப்புச் சான்று இல்லாத விதவைகளும் வருவார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. வீட்டில் இறந்து, அப்படியே அடக்கமாகி, யாரும் பதியாமல் விட்டது பத்து வருடம் கழித்து இப்போது வந்து இடிக்கும். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அதற்கு விசாரணை, சாட்சி என்று நாளாகும். இந்த வேலையை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். மற்றவை பின்னால் வரட்டும்.

கைபேசி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் போன பழைய சிம்மாக இருக்கும். ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருக்கும். புது எண்ணை ஆதார் மையத்தில் இணைக்கலாம். மனுவில் உங்கள் எண்ணைக் கொடுப்பது அந்த நேரத்துக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் நாற்பது பேரின் ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வர ஆரம்பித்தால், நீங்கள் ஊரை விட்டுப் போகும் நாளில் நாற்பது பேரும் மாட்டிக்கொள்வார்கள். மகள், பேரன், நம்பிக்கையான பக்கத்து வீடு என்று அவர்கள் பக்கத்து எண்ணாகவே இருக்கட்டும்.

விண்ணப்பமும் விசாரணையும்

ஓய்வூதியம், வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இ-சேவை மையம் வழியாகத்தான் போகின்றன. அங்கே கூட்டம் அதிகம், தட்டச்சு செய்பவருக்கு அவசரம். எனவே எழுத வேண்டிய விவரங்களை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் செய்த காகிதம் திரையில் படிக்க முடிகிறதா என்று எட்டிப் பாருங்கள். மங்கலான பாஸ்புக் ஜெராக்ஸால் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போவது சர்வ சாதாரணம். முடிந்ததும் விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று மையத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

எதையும் மறைத்து எழுத வேண்டாம். அரை ஏக்கர் நிலம் இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். நிலம் வானம் பார்த்த பூமி, பயிர் வைத்து எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறைத்தது விசாரணையில் தெரிந்தால் இந்த மனு மட்டும் போகாது, அடுத்து நீங்கள் கொண்டுபோகும் எல்லோருடைய மனுவையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்.

மனு கிராம நிர்வாக அலுவலருக்கும் (வி.ஏ.ஓ.) வருவாய் ஆய்வாளருக்கும் போய், அவர்கள் அறிக்கையோடு தனி வட்டாட்சியரிடம் வரும். இந்த விசாரணைதான் மனுவின் தலைவிதி. நம் ஆட்கள் இங்கே ஒரு காரியம் செய்வார்கள். அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பெட்டியிலிருக்கும் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போடுவார்கள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. வருபவர் கண்ணுக்கு வீடு வசதியாகத் தெரியும். நாற்காலி போடட்டும், அதில் தப்பில்லை. அன்றாடம் இருப்பது போலவே இருந்து, கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"பையன் இருக்கானா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வெட்கத்தில் "இருக்கான், நல்லாப் பாத்துக்கிறான்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியே அறிக்கையாகிவிடும். மகன் தனிக் குடும்பம், தனி ரேஷன் கார்டு, மாதம் இவ்வளவு தருகிறான் அல்லது ஒன்றும் தருவதில்லை என்று உண்மை நிலையை அப்படியே சொல்லும் தைரியம் அவர்களுக்கு வர வேண்டும். அதற்கு நீங்கள் முதல் நாளே ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். மகனை விட்டுக்கொடுப்பது போல அவர்களுக்குத் தோன்றும், அதனால் அவசரப்படுத்தாதீர்கள்.

கூலி வேலைக்குப் போகிறவர் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். எங்கே வேலை செய்கிறார், யாரிடம் கேட்டால் கூப்பிட்டு வருவார்கள் என்று கிராம உதவியாளரிடம் சொல்லி வைத்தால் "ஆள் இல்லை" என்ற குறிப்பைத் தவிர்க்கலாம்.

ஃபைலின் பின்னால் போவது

ஒரு நோட்டு போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். விண்ணப்ப எண், போட்ட தேதி, இப்போது யார் மேசையில், அடுத்து எப்போது கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை அலுவலகம் போனதும் தேதி, பேசிய அலுவலரின் பதவி, அவர் சொன்ன பதில் என மூன்றையும் எழுதுங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்பதையும் எழுதுங்கள். பின்னால் மேல்முறையீட்டுக்குப் போகும்போது இந்த நோட்டைப் போல் கை கொடுப்பது வேறு எதுவும் இல்லை.

நிலையை இணையத்தில் பார்க்கலாம். திரையில் ஒரே வாசகம் மாதக்கணக்காக நின்றால் நேரில் போக வேண்டியதுதான். போகும்போது மனுதாரரையும் முடிந்தால் கூட்டிப்போங்கள். நீங்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் உங்களைப் புரோக்கர் என்று நினைத்துவிடுவார்கள். அவரே தன் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொல்லிக் கேட்கட்டும், தடுமாறினால் எடுத்துக் கொடுங்கள்.

அலுவலர்களோடு உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. சிலர் சத்தம் போட்டால்தான் நடக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு வி.ஏ.ஓ.விடம் சான்று, அடங்கல் என்னும் பயிர்க் கணக்கு, பேரிடர்க் கணக்கு, தேர்தல் வேலை என்று ஏகப்பட்டது குவிந்து கிடக்கும். அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும் வகையில் காகிதங்களை அடுக்கிக் கொண்டுபோகிறவருக்கு அவர் வழிவிடுவார். அதே சமயம் குழைந்து நிற்கவும் தேவையில்லை. இது யாரும் போடும் பிச்சை அல்ல, கேட்பதில் கூச்சம் எதற்கு? சத்தம் போடுவதை, எழுத்தில் கேட்டும் பதில் வராத நாளுக்கு மிச்சம் வையுங்கள்.

"தகுதி இருக்கு, ஆனா ஒதுக்கீடு வரலை" என்று ஒரு பதில் அடிக்கடி வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படிச் சொன்னால், காத்திருப்போர் பட்டியலில் இவர் எத்தனையாவது ஆள் என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள்.

தள்ளுபடி ஆனால்

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து எங்கும் போக முடியாது. காரணம் கையில் வந்துவிட்டால் பாதி வழக்குகளுக்கு விடை அதிலேயே இருக்கும். பெயர் வேறுபாடு, வயதுச் சான்று, ஆள் இல்லை போன்ற காரணமென்றால் அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வேகமான வழி. "வசதி உள்ளவர்", "ஆதரவு உள்ளவர்" என்று மதிப்பீடு சார்ந்த காரணமென்றால்தான் மேல்முறையீடு.

வருவாய்த் துறையில் வட்டாட்சியருக்கு மேல் கோட்டாட்சியர். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில்கூட, நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை வழியே கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் விதி வைத்தார்கள். நாள் கெடு உள்ள எதிலும் மறுப்புச் செய்தி வந்த தேதியை நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கும் மனு சுருக்கமாக இருக்கட்டும். குடும்ப வரலாறு வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"நான் இந்தத் தேதியில் இந்த எண்ணில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்தேன். ஆதரவு உள்ளவர் என்று கூறி நிராகரித்துள்ளனர். என் மகன் தனிக் குடும்ப அட்டையுடன் வேறு ஊரில் வசிக்கிறார். எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை. மறுவிசாரணை செய்து ஓய்வூதியம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: நிராகரிப்பு ஆணை, இரு குடும்ப அட்டைகளின் நகல்."

மனு எண் போட்ட சீட்டு தருவார்கள். மனு கடைசியில் அதே தாலுகா அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும் என்பது உண்மை. ஆனால் இப்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வருகிறது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பேசியும் புகார் பதியலாம். கோடையில் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தியையும் (ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் நிகழ்வு) விடாதீர்கள். கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும் நேரம் அது.

எதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர் சான்றோடு கேட்டால் அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டத்தில் விளக்கம் கேட்க முடியாது, ஆவணம்தான் கேட்க முடியும். என் விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? விசாரணை அறிக்கையின் நகல் தருக. தகுதியை நிர்ணயிக்கும் அரசாணையின் நகல் தருக. இந்த மூன்று கேள்விகள் போதும். பதில் வருவதற்கு முன்பே ஆணை வீட்டுக்கு வந்த கதைகள் உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேல் தமிழ்நாடு தகவல் ஆணையம், அங்கே போக 90 நாள் அவகாசம்.

வழக்கு வரை போக வேண்டிய நிலை வந்தால், நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் வக்கீல் இலவசம். உதவி எண் 15100.

ஆணை வந்த பிறகு

ஆணை வந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து "பணமே வரலை" என்று வருகிறவர்கள் நிறைய.

ஆதார் வழியே அனுப்பும் உதவிகள், பாஸ்புக்கில் நாம் காட்டிய கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்தக் கணக்கை ஆதாருக்கான பண வரவோடு இணைத்தாரோ அங்கேதான் போகும். இடையில் தபால்காரர் வந்து அஞ்சல் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்திருப்பார், அல்லது ஏதோ கடனுக்காக வேறு வங்கியில் கைரேகை வைத்திருப்பார். பணம் அங்கே பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். அதைப் பார்க்காமல் தாலுகா அலுவலகத்தில் போய்ச் சண்டை போட வேண்டாம், அவர்கள் பக்கம் அனுப்பியாகிவிட்டது என்றுதான் காட்டும். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும் பாருங்கள். வங்கியில் அடையாளச் சான்று கொடுத்து உயிர்ப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வயதானவர்களுக்கும் கல், மண், சிமென்ட் வேலை பார்த்தவர்களுக்கும் ரேகை விழாது. ரேஷன் கடையில் இதனால் திருப்பி அனுப்பினால், கருவிழிப் பதிவைக் கேளுங்கள். கடைக்கு வரவே முடியாதவர் என்றால் இன்னொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் இருக்கிறது. ரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை நிறுத்த விதி இல்லை.

வீடு தேடி வந்து பணம் கொடுப்பவர் ஒவ்வொரு மாதமும் ஐம்பது நூறு பிடித்துக்கொள்வது, ஏ.டி.எம். அட்டையை "நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று உறவினரோ கடன் கொடுத்தவரோ வாங்கி வைத்துக்கொள்வது இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். துணை நிற்கும் நீங்களும் யாருடைய அட்டையையும் ரகசிய எண்ணையும் கையில் வாங்கவே கூடாது. ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, உதவி வாங்கித் தந்ததைப் படம் எடுத்துப் பகிர்வது எல்லாம் வேண்டாம். காசு வாங்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அன்பாகக் கொடுக்கும் பஸ் செலவுகூட ஊர்ப் பேச்சில் கமிஷனாகிவிடும்.

ஓய்வூதியம் திடீரென்று நிற்கலாம். கள ஆய்வில் ஆள் இல்லை என்று பதிவாகியிருக்கும், இறந்தவர் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும், மகனோடு ஒரே ரேஷன் கார்டுக்கு மாறியிருப்பார். உயிரோடு இருப்பவரே நேரில் போய் நின்று நிரூபிக்க வேண்டிய கூத்தெல்லாம் நடக்கும். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு சுலபமாகச் சரிசெய்யலாம். நின்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால் நிலுவை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக்கில் வரவு போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் எந்த வரி ஓய்வூதியம் என்று ஒரு முறை பேனாவால் கோடிட்டுக் காட்டுங்கள், அடுத்த முறை அவரே அந்த இடத்தைத் தேடிப் பார்த்துக்கொள்வார்.